ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். சிலருக்கு வாய் சோறு போடும், சிலருக்குக் கை. அக்காவுக்குக் கையும் உண்டு, ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது மூக்குதான்.

பத்தொன்பது வயதில் அந்தச் சலவைக் கடைக்கு இஸ்திரி போட வந்தாள். அவள் வந்த இரண்டாவது வருடம், பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவராமல் போனதும், என்னையும் கூட்டிக்கொண்டாள். வருகிற துணிகளுக்கு எண் எழுதிய துணித் துண்டைக் கழுத்துப் பட்டியில் ஊக்கு குத்திவைப்பதும், அறுந்த பொத்தான்களைத் தைப்பதும் என் வேலை. யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை. அதனால்தான் இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

வீட்டிலேயே துவைத்து, இஸ்திரிக்கு மட்டும் என்று வரும் துணிகளில் சோப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருக்கும். அது வீட்டின் வாசனை. ஒரு சட்டையைப் பலகையில் விரித்து உதறும்போதே அக்கா சொல்லிவிடுவாள்: இந்த வீட்டில் ஜன்னலைத் திறப்பதே இல்லை, இந்த வீட்டில் பூனை இருக்கிறது, இந்த வீட்டுச் சுவரில் ஈரம் இறங்குகிறது. மேல்மாடிப் பெண் ஒருத்தி வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்ததைக்கூட, அவள் கணவன் சட்டையை வைத்தே கண்டுபிடித்தாள். "மூக்கா அது, போலீஸ் ஸ்டேஷனா?" என்பார் சாவிக்காரர்.

மாற்றுச் சாவி செய்துகொடுக்கிற அவருக்கு, எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகை போடும் அளவு இடம். அவருக்குப் பக்கத்தில் லிஃப்ட். கம்பிக் கதவைக் கையால் இழுத்து மூடினால்தான் அது நகரும். மூடாமல் போகிறவர்களை மேலிருந்து யாராவது திட்டிக்கொண்டே இருப்பார்கள். தரைத்தளத்தில் மூன்று பெரிய கடைகள்: எங்கள் சலவைக் கடை, மருந்துக் கடை, எழுதுபொருள் கடை. முதல் மாடியில் பல் டாக்டரும் இரண்டு அலுவலகங்களும். அதற்கு மேல் மூன்று மாடிகளில் பதினான்கு வீடுகள். கட்டி ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும். தூண்கள் தடிமனாக, படிகள் நடுவில் குழிந்து, நல்ல காலத்தில் கட்டியது என்று எல்லோரும் சொல்லும்படியான கட்டடம்.

எழுதுபொருள் கடைக்காரரை நாங்கள் பேனாக்காரர் என்போம். கடையும் அவருடையது, மூன்றாம் மாடியில் ஒரு வீடும் அவருடையது. மனைவி இல்லை. மகன் தொலைவில். பேசினால் பஞ்சு மாதிரி இருக்கும் பேச்சு. ஒரு நாள் மாலை சட்டைகளை வாங்க வந்தவர், "மாடி வீட்டைக் குடுத்துடலாம்னு இருக்கேன் தங்கச்சி. முட்டி கேக்க மாட்டேங்குது. கடைக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு பாத்துட்டேன். வெளியாளுக்குக் குடுக்கறத விட, தெரிஞ்சவங்களுக்குப் போனா ஒரு நிம்மதி" என்றார்.

அவர் போன பிறகு அக்கா ஒரே சட்டைக்கு இரண்டு முறை இஸ்திரி போட்டாள்.

அவளுக்கு அது வெறும் வீடு இல்லை. கல்யாணமான பதினாறு வருடத்தில் ஏழு வாடகை வீடு. ஒவ்வொரு முறை மாறும்போதும் அலமாரிக்கு ஒரு கால் போகும்; இப்போது அது நான்கு செங்கல்மேல் நிற்கிறது. கடைசி வீட்டில் மகள் கூடத்தில் படுத்தாள். பன்னிரண்டு வயதுப் பெண் உடை மாற்ற, கூடத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் எழுந்து வெளியே போக வேண்டும். அத்தான் அப்போதெல்லாம் காரணமே இல்லாமல் தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார். "கதவு வச்ச ஒரு ரூம். அவளுக்குன்னு. அதுக்கு மேல நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கல" என்பாள் அக்கா.

அத்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சிரித்துக்கொண்டே குத்துகிற ரகம். அக்கா விஷயத்தைச் சொன்னதும், "பழைய வண்டி வாங்கறப்ப வெளிய பெயிண்டைப் பாக்கக்கூடாது, அடியில படுத்துப் பாக்கணும்" என்றார்.

"வீட்டுக்கு அடியில எப்படிங்க படுக்கறது?"

"அதான் இருபது வருஷமா வீட்டுக்கு அடியிலதானே நிக்கற. என்ன பாத்த?"

"எல்லாத்தையும் பாத்திருக்கேன். ரெண்டாம் மாடி மூலை வீட்டுத் துணி மழைக்காலத்துல நாறும். நாலாம் மாடி ரெண்டு வீடு கூரை ஒழுகுது. பேனாக்காரர் துணி ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஈர வாசம் அடிச்சதில்லை. பழைய புஸ்தகத்து வாசம்தான் வரும். காய்ஞ்ச வீடு."

"அப்ப பேங்க்ல போய் மூக்கைக் காட்டு. லோன் குடுத்துடுவான்."

கேலி செய்தாரே தவிர, அவருக்கும் ஆசை. வாரக்கணக்கில் அதையே பேசினார்கள். பழைய கட்டடம், ஆனால் அக்காவுக்கு வேலை படியிறங்கினால் வந்துவிடுகிறது. லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது, ஆனால் மூன்று மாடிதானே. கீழே கடை என்றால் சத்தம். கீழே கடை என்றால் பாதுகாப்பும்கூட. புதுக் கட்டடம் எதுவும் ஊருக்குள் அவர்கள் கைக்கு எட்டாது. ஊருக்கு வெளியே போனால் இரண்டு பஸ். அக்கா சட்டைக் கைகளை மடிப்பது போல ஒவ்வொன்றையும் மடித்து மடித்து வைத்தாள். கடைசியில் மேலே வந்து நின்றது மகளின் அறைக் கதவு.

சாவிக்காரர் ஒன்றைச் சொன்னார். சிரிப்பாகச் சொன்னதால் நாங்கள் சிரித்தோம். "வாங்குங்க, வாங்குங்க. ஆனா தெரிஞ்சுக்கங்க. இங்க கட்டடச் சங்கத்துல ஓட்டு ஆளுக்கு ஒண்ணு இல்ல, இடத்தோட அளவுக்கு. மூணு கடைக்காரர் கை தூக்கினா, பதினாலு வீடும் சேர்ந்து தூக்கினதுக்கு மேல. மேல இருக்கறவங்க படி ஏறுவாங்க, கீழ இருக்கறவங்க முடிவெடுப்பாங்க. எனக்கு ரெண்டும் இல்ல, படிக்கு அடியில உக்காந்து வேடிக்கை பாப்பேன்."

"எதுக்கண்ணே ஓட்டு? நான் என்ன தேர்தல்லயா நிக்கப் போறேன்?" என்றாள் அக்கா.

வீட்டை மூன்று முறை போய்ப் பார்த்தோம். மூன்றும் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் கடை லீவு; மற்ற நாளில் எங்களுக்கு ஏது நேரம். அத்தான் குழாய்களைத் திறந்து மூடினார். சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மகள் படுக்கையறைக் கதவை உள்ளே போய்ச் சாத்தினாள், திறந்தாள், மறுபடியும் சாத்தினாள். கூடத்து ஜன்னல்கள் அகலத் திறந்திருந்தன; படுக்கையறை ஜன்னல் மட்டும் பெயிண்ட் ஒட்டிச் சாத்தியிருந்தது. புதுப் பெயிண்ட் வாசனை. "விக்கப் போற வீட்டை அழுக்காவா காட்டறது? அதான் ஒரு கை பூசினேன்" என்றார் பேனாக்காரர்.

நான் வழக்கம் போல எல்லோருக்கும் பின்னால் நின்றேன். அந்தப் படுக்கையறையில் ஒரு மர அலமாரி. அதன் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஒரு துணி இல்லை. நான்கு வெறும் ஹேங்கர்கள். அவர் இன்னும் அங்கேதான் குடியிருந்தார். அடுக்களையில் ஈரத் தட்டு இருந்தது, கட்டிலில் தலையணை இருந்தது. போட்டுக்கொள்ளும் துணி எங்கே? எனக்குத் தோன்றியது. ஆனால் அத்தான் பேசிக்கொண்டிருந்தார், அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய விஷயத்தில் ஹேங்கரைப் பற்றி எப்படிக் கேட்பது? முன்கூட்டியே மூட்டை கட்டியிருப்பார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பேனாக்காரர் சட்டை கொடுக்க வந்தபோது அக்கா அவர் முன்னாலேயே ஒன்றை எடுத்து முகர்ந்தாள். "பாத்தீங்களா, எங்க வீட்டுக்காரர் என்னைக் கேலி பண்றார். நல்லா காய்ஞ்ச வீடுன்னு இதுவே சொல்லுதே."

பேனாக்காரர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். "உங்க மூக்குக்குத் தப்புமா தங்கச்சி" என்றார்.

நான் சட்டையை வாங்கி, துணித் துண்டில் எண் எழுதிக் குத்தினேன். க-3 என்று எழுதினேன். க என்றால் கடை, மூன்றாவது கடை. அவருக்கு ஆறு வருடமாக அப்படித்தான் எழுதி வருகிறேன். அதற்கு முன்னால் 3-2 என்று எழுதுவேன்: மூன்றாம் மாடி, இரண்டாவது வீடு. எழுதிய கை என்னுடையதுதான்.

வங்கிக்குத் தேவைப்பட்ட வேலைச் சான்றிதழை முதலாளியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "நல்லதுதான். இனிமே லேட்டா வர சாக்கு இல்ல பாரு" என்றார். சிரித்த முகம். வீடு அக்கா பேருக்கு மாறியது. அத்தான் அலமாரியின் அடியிலிருந்த செங்கற்களைத் தெருவில் போட்டுவிட்டு, உடைந்த கால்களுக்குப் பதில் புதுக் கால்கள் அடித்தார். "இனிமே இது நகரப் போறதில்ல" என்றார்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. தண்ணீர்க் குழாய் பார்க்கிற ஆள் வருகிறான் என்று அக்கா வேலை நடுவில் பத்து நிமிடம் மேலே போனாள். அவள் இடத்தில் நான் நின்றேன். எங்கள் இஸ்திரி மேடைக்குக் கீழே ஒரு மிதி உண்டு. மிதித்தால் பாய்லரிலிருந்து நீராவி துணிக்குள் பாயும். மிச்ச நீராவி ஒரு குழாய் வழியாகக் கட்டடத்தின் நடுவில் வெளிச்சத்துக்காக விட்டிருக்கும் இடுக்குக்குள் போகும். அந்த இடுக்கை எல்லோரும் டக்டு என்பார்கள். குழாய் மொட்டைமாடி வரை போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பத்து நிமிடம் அரை மணி ஆயிற்று. அக்கா இறங்கி வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது முகம்.

"நீயா மிதிச்சிட்டிருந்த?"

"ஆமாக்கா."

"நீ ஒரு மிதி மிதிச்சா, மேல ஒரு மூச்சு வருது. எண்ணிப் பாத்தேன்."

மாலையில் என்னைக் கூட்டிப் போய்க் காட்டினாள். மகளின் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் டக்டு. ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் குழாயின் வாய். அங்கேயே வெட்டிவிடப்பட்டிருந்தது. சுவர் முழுக்க வெளிப்பக்கம் கறுத்து, பாசி பிடித்து, சொட்டிக்கொண்டிருந்தது. உள்பக்கம் புதுப் பெயிண்ட் அம்மை போட்டது போலக் கொப்பளித்திருந்தது. ஒரு கொப்புளத்தை அக்கா நகத்தால் அழுத்தினாள். தண்ணீர் வழிந்தது. அந்த வாசனை எனக்கே தெரிந்தது. அவள் மூக்குக்கு எப்படி இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் குழாயின் மேல்பாதி துருப்பிடித்துவிட்டது என்று முதலாளி ஆள் வைத்து வெட்டி இறக்கினார். புதுசு பிறகு போடுகிறேன் என்றார். அந்தத் துண்டுகள் பின்வாசலில் இரண்டு மாதம் கிடந்தன. மதியம் நானும் அக்காவும் அவற்றின்மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

மறுநாள் அக்கா பேனாக்காரர் கடைக்குப் போனாள். நான் பின்னால். கடையின் பின்கட்டில் ஒரு கொடி, அதில் அவர் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இரும்பு அலமாரி. அதில் மடித்த துணிகள். சுற்றிலும் காகிதக் கட்டுகள். பழைய புத்தகத்து வாசம்.

"இத்தனை வருஷமா துணியெல்லாம் இங்கயா வச்சிருந்தீங்க?" என்றாள் அக்கா.

"மேல வச்சா பூஞ்சை பிடிக்குது தங்கச்சி." குரல் அதே பஞ்சுதான்.

"எங்கிட்ட சொல்லலையே."

"நீங்க கேக்கலையே. நான் ஒரு பொய் சொன்னேனா, சொல்லுங்க. நீங்களாத்தான் சட்டையை மோந்து பாத்தீங்க, நீங்களாத்தான் காய்ஞ்ச வீடுன்னீங்க. எனக்கும் வயசாச்சு. நானும் ஒருத்தர்கிட்ட அந்த வீட்டைத் தள்ளித்தானே ஆகணும்."

திரும்பி வரும்போது சாவிக்காரர் தலையைத் தூக்காமல் ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தார். "அந்த இரும்பு அலமாரிக்குப் பூட்டு போட்டது நான்தான்" என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்மா."

கேட்டிருந்தால். எல்லோருக்கும் அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கட்டடச் சங்கத்தின் கூட்டம் அடுத்த மாதம். குழாயை மொட்டைமாடி வரை தூக்க வேண்டும், சுவரைச் சரிசெய்ய வேண்டும் என்று அத்தான் ஒரு மனு எழுதி, மேல்வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கினார். பன்னிரண்டு வீடு போட்டது. அவர் சந்தோஷமாக இருந்தார். கூட்டத்துக்கு முந்தின நாள் முதலாளி அக்காவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீயும் இப்ப ஓனர். எனக்கும் சந்தோஷம். ஆனா யோசி. குழாய் எடுக்கணும், பாய்லர் மாத்தணும்னு எல்லாரும் பிடிச்சா நான் என்ன பண்ணுவேன்? கடையைப் பூட்டிட்டு வேற தெருவுக்குப் போவேன். அங்க மிஷின் போட்டா இஸ்திரிக்கு ஆள் எதுக்கு? நீ லோன் எப்படிக் கட்டுவ?"

அக்கா கல்லாமேல் கிடந்த ரசீதுகளை அடுக்கினாள்.

"எனக்கு எதிரா கை தூக்கணும்னா தூக்கு. நான் தடுக்கல" என்றார்.

கூட்டம் மொட்டைமாடியில். நானும் ஓரமாக நின்றேன். பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் கை தூக்கினார்கள். அக்காவின் கை மடியில் இருந்தது. அத்தான் அவளைப் பார்த்தார். அவள் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்த்து மூன்று கைகள் எழுந்தன: மருந்துக் கடை, முதலாளி, பேனாக்காரர். வீட்டை விற்றாலும் கடை அவருடையதுதானே. சங்கச் செயலாளரான பல் டாக்டர் தாளில் கூட்டிப் பார்த்துவிட்டு, தீர்மானம் தோற்றது என்றார். அவள் தூக்கியிருந்தாலும் தோற்றுத்தான் இருக்கும். அதைச் சொல்லி அவளைத் தேற்றலாம் என்று நினைத்தேன். ஆனால் அத்தான் முந்திக்கொண்டார்.

"உன் கை உனக்கே வெயிட்டா இருந்துச்சோ?" என்றார். அதற்குப் பிறகு நான்கைந்து நாள் அவர் கேலியே செய்யவில்லை. அது இன்னும் மோசம்.

மகள் மறுபடியும் கூடத்தில் படுத்தாள். கதவு வைத்த அறை இருந்தது; அதில் யாரும் இருக்க முடியவில்லை. நோட்டுப் புத்தகங்களின் ஓரங்கள் நெளிந்தன. ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல், "அம்மா, என் பக்கத்துல உக்காரமாட்டேன்னு சொல்லிட்டா. என் மேல ஒரு வாசம் வருதாம்" என்றாள்.

ஊரில் உள்ளவர்களின் வாசத்தையெல்லாம் பிரித்துச் சொன்னவள் என் அக்கா. அவள் மகளைக் கிட்ட இழுத்து, கழுத்துப் பட்டியில் முகம் வைத்தாள்.

அடுத்த நாள் காலையில் ஒரு மூட்டையோடு கீழே வந்தாள். மகளின் சீருடைகள், அத்தான் சட்டைகள், போர்வைகள். பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கம்பி கட்டி எல்லாவற்றையும் மாட்டினாள். அங்கே எப்போதும் சூடு. துணி மொறுமொறுவென்று இருக்கும். காலையில் மகள் கடைக்கு வந்து, என் பின்னால் நின்று உடை மாற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். முதலாளி பார்த்துவிட்டுப் பார்க்காதது போல இருந்தார். அவ்வளவு பெரிய மனது அவருக்கு.

ஒன்றரை வருடம் போயிற்று. மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி வாரம் இரண்டு முறை சீருடை கொடுக்க வருவாள். சின்ன வயது, கைக்குழந்தை, பக்கத்துத் தெருவில் வாடகை. எண்ணெய் வைத்த தலையும் அவசர நடையுமாக, எப்போதும் "சாரிக்கா, லேட்டாயிடுச்சு" என்றுதான் உள்ளே வருவாள். எனக்கு அவளைப் பிடிக்கும். என்னிடமும் பேசுவாள்.

போன மாதம் ஒரு மாலை அவள் கேட்டாள். "அக்கா, உங்க மூணாம் மாடி வீட்டைக் குடுக்கறீங்கன்னு சாவிக்காரர் சொன்னார். நாங்க அலைஞ்சு அலைஞ்சு ஓஞ்சு போயிட்டோம். வீடு எப்படிக்கா? பழைய கட்டடம்னு அவர் பயப்படறார். குழந்தை வேற இருக்கா, ஈரம் கீரம் இருக்குமோன்னு."

அக்கா இஸ்திரியை நிமிர்த்தி வைத்தாள். நான் ஊக்கைக் கையில் பிடித்தபடி நின்றேன். கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். இவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

அக்கா பாய்லர் பக்கம் போனாள். கம்பியிலிருந்து மகளின் சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். "எம் பொண்ணோடது. மோந்து பாரும்மா."

நர்ஸ் முகர்ந்தாள். அவள் முகம் தெளிந்தது. "நல்லா காய்ஞ்ச வாசமா இருக்கே."

"ஞாயித்துக்கிழமை வாங்க. கடை லீவு, நிதானமா பாக்கலாம்" என்றாள் அக்கா.

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "நீங்க அடிக்கடி போவீங்கள்ல அந்த வீட்டுக்கு? எப்படி இருக்கு?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. இஸ்திரியை எடுத்தாள், காலை மிதியில் வைத்தாள், ஆனால் மிதிக்கவில்லை. காத்திருந்தாள். இருபது வருடத்துக்கு மேல் ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் நாங்கள். அந்தக் கால் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது.

"எனக்கு வீட்டைப் பத்தியெல்லாம் என்ன தெரியும்மா" என்றேன்.

அக்கா மிதித்தாள். நான் நர்ஸின் சீருடையை வாங்கி, துணித் துண்டில் எண் எழுதிக் குத்தினேன்.